தாய் சங்கரி மூலமாக

மாதம் பிறந்து ஐந்தாம் தேதி ஆனால் சங்கரிக்குக் கோபம் வந்துவிடும். காலையில் காப்பி போடும்போதே அடுக்களையில் பாத்திரங்கள் கொஞ்சம் சத்தமாக வைக்கப்படும். அவளுடைய அப்பா மயில்வாகனத்துக்குக் காலண்டரே தேவையில்லை. அந்தச் சத்தத்தைக் கேட்டதும், "இன்னிக்கு அஞ்சாந்தேதி போலிருக்குது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, காப்பிக்குச் சர்க்கரை போதவில்லை என்றுகூடச் சொல்லாமல் தறியில் போய் உட்கார்ந்துவிடுவார்.

பத்து மணிக்குள் போன் கிணுங்கும். தினேஷ் ஆறாயிரம் ரூபாய் அனுப்பியிருப்பான். மறுநாள் காலையில், பல் விளக்குவதற்கும் முன்னால், சங்கரி அதை அப்படியே அவனுக்குத் திருப்பி அனுப்புவாள். வேண்டாத பணத்தை வந்த அன்றே அனுப்பாமல் ஒரு ராத்திரி ஏன் வைத்திருந்தாய் என்று கேட்டால் அவளுக்கே பதில் தெரியாது. ஏழு மாதமாக இந்த ஆறாயிரம், அவள் இருக்கும் பிள்ளையார்பாளையத்துக்கும் அவன் இருக்கும் செவிலிமேட்டுக்கும் நடுவே, தறியில் ஊடை நூலோடு அங்கும் இங்கும் ஓடுகிற நாடா மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. ஓடி என்ன பயன், ஒரு அங்குலமும் நெய்யவில்லை.

தினேஷ் அவளுடைய புருஷனாக ஒன்பது வருஷம் இருந்தவன். ஏழு மாதத்துக்கு முன்னால் இரண்டு பேரும் சேர்ந்தே கோர்ட்டில் கையெழுத்துப் போட்டுப் பிரிந்தார்கள். குடியா, சூதா, இன்னொருத்தியா என்று தெருவே ஆராய்ச்சி செய்தது. ஒன்றும் அகப்படாமல் ஏமாந்துபோனது. இரண்டு பேருமே நல்லவர்கள்தான், ஒரே கூரைக்குக் கீழே இருக்கும்போது மட்டும் இல்லை. அவனுக்குக் கோபம் வந்தால் மூன்று நாள் வாய் திறக்க மாட்டான். அவளுக்குக் கோபம் வந்தால் மூன்று நாள் வாய் மூட மாட்டாள். தறி வேண்டாம் என்று அவன் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலைக்கு ஷிப்டு வேலைக்குப் போனதிலிருந்து அவன் தூங்கும் நேரம் இவளுக்குச் சண்டை நேரமாகிவிட்டது. கடைசியில் ஒருநாள், யார் முதலில் சொன்னது என்றுகூட நினைவில்லாமல், "போதும்" என்று சொல்லிக்கொண்டார்கள். அவன் செவிலிமேட்டில் அக்கா தில்லையம்மாள் வீட்டு மாடிக்குப் போனான். இவள் மகள் காவேரியை அழைத்துக்கொண்டு அப்பா வீட்டுக்கு வந்து, அங்கே சும்மா கிடந்த இரண்டாவது தறியில் பாவு நூல் ஏற்றினாள்.

காவேரிக்கு எட்டு வயது. மூன்றாம் வகுப்பு. அப்பாவின் மூக்கு, அம்மாவின் வாய்.

பெற்ற பெண்ணுக்கு அப்பன் கொடுக்கிற பணத்தை எந்தத் தாயாவது திருப்பி அனுப்புவாளா என்று நீங்கள் கேட்கலாம். வீம்பு என்று சொல்லலாம். தெருவும் அப்படித்தான் சொன்னது. ஆனால் சங்கரிக்கு அது வீம்பு இல்லை, பயம். அந்தப் பயம் தறியில் பிறந்த பயம். பட்டு நெய்கிறவர்களுக்கு மட்டும்தான் வரும்.

விஷயம் இதுதான். தறி, நெய்கிறவன் வீட்டில் இருக்கும். உழைப்பும் அவனுடையது. ஆனால் பட்டும் ஜரிகையும் முதலாளி கொடுப்பது. நூல் யாருடையதோ, சேலை அவருடையது. அதில் தகராறு கிடையாது. இதற்கு மேல் முதலாளியிடம் முன்பணம் என்று ஒன்று வாங்கிவிட்டால், நெய்கிறவனும் அவருடையவன். பணத்தைக் கட்டித் தீர்க்கும்வரை வேறு முதலாளியின் பாவு நூலைத் தொடக்கூடாது.

சங்கரிக்குப் பத்து வயதிருக்கும்போது, முன்பணம் வாங்கியிருந்த மயில்வாகனம் தொட்டார். கூலி கூடக் கிடைக்கிறதே என்று இன்னொரு முதலாளியிடம் பேசி வைத்தார். சேதி எப்படியோ போய்விட்டது. பழைய முதலாளியின் ஆட்கள் இரண்டு பேர் கத்தரிக்கோலோடு வந்தார்கள். கிளிப்பச்சை உடல், அரக்குக் கரை, பதினோரு நாள் நெய்த சேலை. தறியிலிருந்து அதைப் பாதியிலேயே அறுத்து, மீதிப் பாவோடு சுருட்டி, கட்கத்தில் இடுக்கிக்கொண்டு போனார்கள். மயில்வாகனம் வாசல்வரை பின்னாலேயே போய்விட்டுத் திரும்பினார். ஒரு வார்த்தை பேசவில்லை. பேச என்ன இருக்கிறது, நூல் அவர்களுடையது. அன்றைக்கு வெறும் தறியைப் பார்த்துக்கொண்டு நின்ற சங்கரி, நான் யாரிடமும் முன்பணம் வாங்க மாட்டேன் என்று முடிவு செய்தாள். இன்றுவரை வாங்கவும் இல்லை.

கோர்ட்டில் மாதம் ஆறாயிரம் என்று சொன்னபோதே அவளுக்கு அந்த வெறும் தறி ஞாபகம் வந்தது. அவன் மாதாமாதம் கொடுப்பான், நான் வாங்கிக்கொண்டு வளர்ப்பேன், வளர்ந்த பிறகு வந்து என்னுடையது என்பான். இப்படி ஓடியது அவள் கணக்கு. நாத்தனார் தில்லையம்மாள் அதற்கு நெய் வார்த்தாள். இரண்டாம் மாதம் கறிக்கடையில் சங்கரிக்குப் பின்னால் நின்றுகொண்டு, யாரிடமோ சொல்கிற மாதிரி, "நூலு எங்க தம்பியோடது, சேலை மட்டும் அவுங்க வூட்லயா?" என்றாள். சங்கரி வாங்க வந்த அரைக்கிலோவை வாங்காமலே வீட்டுக்கு வந்தாள். அன்றைக்கு வீட்டில் ரசம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் காவேரியை அப்பா வெளியே அழைத்துப் போகலாம் என்று கோர்ட் சொல்லியிருந்தது. சங்கரி விடவில்லை. "இங்கயே வந்து பாத்துட்டுப் போங்க" என்றாள். தினேஷும் மறுக்கவில்லை. தறிக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், தன் வீட்டுக்கே விருந்தாளியாக வந்தவன் போல முழங்காலில் கை வைத்து உட்காருவான். காவேரி மூச்சுவிடாமல் பேசுவாள். சங்கரி மூச்சுவிடாமல் நெய்வாள். தறிச் சத்தத்தில் பாதிப் பேச்சு அவன் காதில் விழாது. விழாத பாதிக்கும் சேர்த்துத் தலையாட்டுவான்.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் காவேரியின் டீச்சர் கூப்பிட்டு அனுப்பினார். பலகையில் எழுதிப்போட்டதை இவள் தப்பும் தவறுமாக எழுதுகிறாளாம். எட்டை மூன்று என்கிறாளாம். கண்ணைக் காட்டுங்கள் என்றார். டாக்டர் இரண்டு கண்ணிலும் பவர் இருக்கிறது என்றார். கண்ணாடி, சொட்டு மருந்து, மறுபடி வந்து காட்ட வேண்டிய செலவு எல்லாம் சேர்த்து ஐயாயிரத்துக்கு மேல் ஆகும் போலிருந்தது. அந்த மாதம் சங்கரியின் சேலை தறியில் பாதிதான் ஓடியிருந்தது. சேலை இறங்கினால்தான் கூலி.

"அப்பா குடுப்பாரும்மா. போன் பண்ணட்டா?" என்றாள் காவேரி.

"வேணாம். அம்மா பாத்துக்கறேன்."

"அப்ப எட்டு எனக்கு எப்பத் தெரியும்?"

சங்கரியால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. மாதம் பிறந்து மூன்றாம் நாள், வாழ்க்கையில் முதல் தடவையாக, முதலாளியின் பட்டு மண்டிக்கு முன்பணம் கேட்கப் போனாள்.

மண்டியில் கணக்குப்பிள்ளை கலியன் இருந்தார். அவர் முன்னால் ஒரு பெரிய நோட்டு. நெய்கிறவர்கள் ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு பக்கம். சங்கரியின் பக்கத்தில் முன்பணம் என்ற கட்டம் மட்டும் வெள்ளையாக இருந்தது.

"இத்தப் பாரும்மா" என்றார் கலியன், கவலையோடு. "இந்த நோட்டுலயே எழுதாத கட்டம் உன்னுது ஒண்ணுதான். கண்ணு பட்டுடப் போவுதுன்னு நான் யாருக்கும் காட்டறதில்ல. எதுக்குக் காசு?"

"பொண்ணுக்குக் கண்ணாடி போடணும்ணா."

"அவங்கப்பன் குடுக்கலியா? கோர்ட்டுல சொல்லியிருக்குதாமே."

"குடுக்கறாரு. நான் வாங்கறதில்ல."

கலியன் எழுத எடுத்த பேனாவை மூடினார். மூடிய பேனாவால் காதுக்குப் பின்னால் சொறிந்துகொண்டார். அவருக்குச் சிரிப்பதா, வைவதா என்று தெரியவில்லை.

"ஏம்மா, அந்தாளு காசு வாங்குனா மாட்டிக்குவேன்னுட்டு, எங்க முதலாளிகிட்ட வந்து மாட்டிக்கறியா? நல்ல புத்திசாலிமா நீ."

சங்கரிக்கு முகம் சிவந்தது. "நூலு குடுத்தவருக்குத்தானேண்ணா சேலை? நாளைக்கு வந்து அறுத்துக்கினு போனா நான் இன்னா பண்றது?"

கலியன் சிரிக்கவில்லை. அவர் முப்பது வருஷம் இந்த நோட்டை எழுதியவர். அறுத்துக்கொண்டு வரச் சொல்லி ஆள் அனுப்பியதையும் பார்த்தவர்.

"எங்க நோட்டுல காசு உன் பேர்ல எழுதுவேன். நீ கட்டுப்பட்டவ. அந்தக் கோர்ட்டுக் காயிதத்துல யார் பேர்ல எழுதியிருக்குது?"

"இன்னாண்ணா?"

"யார் பேர்ல காசு எழுதியிருக்குதுன்னு கேக்கறேன். அத்தப் பாக்காம எப்படிமா கணக்கு சொல்றது?"

சங்கரி திருதிருவென்று விழித்தாள். அவள் அந்தக் காகிதத்தைப் படித்ததே இல்லை. வாங்கி வந்த அன்று, கவர் பிரிக்காமல் பீரோவில் கல்யாணச் சேலைக்கு அடியில் வைத்தவள்தான். தெரிந்த விஷயம்தானே, படிக்க என்ன இருக்கிறது என்று நினைத்திருந்தாள்.

"படிக்காமயே ஏழு மாசம் திருப்பி அனுப்புனியா!" என்றார் கலியன். இந்த முறை சிரித்தேவிட்டார். "போம்மா. போயி படிச்சிட்டு வா. அப்பவும் வேணும்னா எழுதிக் குடுக்கறேன்."

அவள் வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்து கவரைக் கிழித்தாள். எட்டுப் பக்கம். முதல் பக்கத்திலேயே "மேற்படி", "மேற்சொன்ன", "அதன்கண்" என்று மேலும் கீழுமாக வார்த்தைகள் கிடந்தன. பட்டில் ஆயிரம் இழை சிக்கினால் பிரித்துவிடுவாள். இது அவளால் ஆகவில்லை. மறுநாள் வக்கீல் எஸ்தரைத் தேடிப் போனாள்.

எஸ்தர் இலவச சட்ட உதவியில் அவர்கள் இரண்டு பேரின் மனுவையும் எழுதிக் கொடுத்தவர். சங்கரியைவிட நான்கு வயது மூத்தவர். வாலாஜாபாத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். கோர்ட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை மாடியில் ஒரு சின்ன அறை; அதில் பாதியைக் கட்டுகள் எடுத்துக்கொண்டிருந்தன. சங்கரி போனபோது அவர் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு போனில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். போனை வைத்ததும், "உக்காரு. சாப்ட்டியா?" என்றார்.

"மேடம், இத்தப் படிச்சி சொல்லுங்க. காசு யார் பேர்ல இருக்குதுன்னு மட்டும் சொன்னா போதும்."

எஸ்தர் கையைத் துடைத்துக்கொண்டு மூன்றாவது பத்தியில் விரலை வைத்துப் படித்தார். "'முதல் மனுதாரர் தினேஷ், மைனர் காவேரியின் பராமரிப்புக்காக, மாதந்தோறும் ரூபாய் ஆறாயிரத்தை, ஐந்தாம் தேதிக்குள், மேற்படி மைனருக்கு அவள் தாய் சங்கரி மூலமாகச் செலுத்தி வர வேண்டியது.'"

"இன்னொரு வாட்டி."

எஸ்தர் இன்னொரு முறை படித்தார்.

"மூலமாகவா?"

"ஆமா. மூலமாக."

"அப்ப எனக்கு இல்லியா?"

"உனக்கு ஒத்த ரூபா கிடையாது. உனக்கு ஒண்ணும் வேணாம்னு நீதான் அன்னிக்கே சொல்லிட்டியே. இது காவேரியோடது. அவளுக்கு பேங்க்ல போயி வாங்கற வயசில்ல, அதனால உன் கையில குடுக்கறாங்க. அன்னிக்கே இதை உனக்கு விளக்கிச் சொன்னேன். நீ தலையாட்டின."

"தலையாட்டினா புரிஞ்சிடுச்சின்னு அர்த்தமா மேடம்?"

அது எஸ்தருக்கும் உறைத்தது. டப்பாவை மூடி ஒதுக்கி வைத்துவிட்டு, "சரி. இப்ப கேளு. எதெல்லாம் புரியலையோ எல்லாத்தையும் கேளு" என்றார்.

சங்கரி கேட்டாள். நூல், சேலை, முன்பணம், கத்தரிக்கோல், கறிக்கடை எல்லாவற்றையும் சொல்லிக் கேட்டாள். எஸ்தருக்குத் தறி தெரியாது. அவருடைய அம்மா லில்லி அரிசி ஆலையில் வேலை செய்து படிக்க வைத்த பெண் அவர். ஆனால் பயம் தெரியும். குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டு, காகிதத்தைச் சங்கரியின் பக்கம் திருப்பி வைத்தார்.

"இந்தா பாரு. ரெண்டாவது பத்தியில, பொண்ணு உன்கூட இருக்கணும்னு இருக்குது. மூணாவது பத்தி, காசு. நாலாவது பத்தி, ஞாயித்துக்கிழமை காலைல பத்துலேர்ந்து சாயந்தரம் ஆறு வரைக்கும் அப்பாகூட. மூணும் தனித்தனி. ஒண்ணுக்கொண்ணு முடிச்சே போடல. அவர் ஒரு மாசம் குடுக்கலன்னா, பொண்ணைக் காட்ட மாட்டேன்னு நீ சொல்லக்கூடாது. நீ காட்டலன்னா, காசு குடுக்க மாட்டேன்னு அவரும் சொல்லக்கூடாது. காசு குடுத்தேன், அதனால பொண்ணு என்னோடதுன்னு யாரும் சொல்ல முடியாது. பத்து வருஷம் குடுத்தாலும் முடியாது. அது வாங்கறதுக்குக் குடுக்கற காசு இல்ல சங்கரி. பெத்ததுக்குக் குடுக்கற காசு."

"நான் வேணாம்னு சொன்னா?"

"உன்னோடதை நீ வேணாம்னு சொல்லலாம். அவளோடதை வேணாம்னு சொல்ல உனக்கு உரிமை இல்ல."

சங்கரி மூன்றாவது பத்தியின் மேல் விரலை வைத்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "அப்ப, ஏழு மாசமா நான் யார் காசைத் திருப்பி அனுப்புனேன்?"

"காவேரி காசை" என்றார் எஸ்தர். அவர் வக்கீல், கேட்டதற்குப் பதில் சொல்லியே பழகியவர்.

சங்கரிக்கு அழுகை வந்தது. எட்டை மூன்று என்று எழுதிக்கொண்டு ஒரு குழந்தை பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருக்கிறது, அதன் கண்ணாடிக் காசை அவள் மாதாமாதம் பல் விளக்குவதற்கு முன்னால் செவிலிமேட்டுக்கு அனுப்பிவைத்திருக்கிறாள். இதை நினைக்க நினைக்க அவளுக்கு வெட்கமாக இருந்தது. எஸ்தர் தன் டப்பாவிலிருந்து எலுமிச்சைச் சாதத்தில் பாதியை மூடியில் வைத்து நகர்த்தினார். சங்கரி அழுதுகொண்டே சாப்பிட்டாள். நன்றாகத்தான் இருந்தது.

அடுத்த நாள் ஐந்தாம் தேதி. அடுக்களையில் சத்தமே இல்லை. காப்பியில் சர்க்கரை சரியாக இருந்தது. மயில்வாகனம் பயந்துபோனார். "உடம்பு கிடம்பு சரியில்லியா கண்ணு?" என்று கேட்டுவிட்டுக் காலண்டரைப் போய்ப் பார்த்தார். பத்து மணிக்குப் போன் கிணுங்கியது. பதினொரு மணிக்குச் சங்கரி கண்ணாடிக் கடையில் இருந்தாள்.

ஆறாம் தேதி காலை போய், மதியமும் போய், சாயங்காலம் ஐந்து மணிக்குத் தினேஷ் போன் செய்தான். பிரிந்த பிறகு அவனாகக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"இன்னா, இன்னும் திருப்பி அனுப்பல? நெட் வரலியா அங்க?" அவன் குரலில் உண்மையான கவலை இருந்தது.

"நெட்டு நல்லாத்தான் வருது. திருப்பி அனுப்பறதுக்கு அது என்னுது இல்ல. காவேரியோடது. காயிதத்துல எழுதியிருக்குது, மூணாவது பத்தி. நீங்க படிக்கல?"

அந்தப் பக்கம் பேச்சு இல்லை. மூன்று நாள் மௌனம் ஆரம்பித்துவிட்டதோ என்று சங்கரிக்குச் சந்தேகம் வந்தது. ஆனால் அவன் தொண்டையைச் செருமினான்.

"நீ என்னை வேணாங்கறதுக்குத்தான் திருப்பி அனுப்பறன்னு நெனச்சிக்கினு இருந்தேன். இவனெல்லாம் ஒரு அப்பனான்னு. ஒவ்வொரு மாசமும் ஆறாந்தேதி எனக்குச் சோறு எறங்காது சங்கரி."

தான் பயந்துகொண்டு செய்தது அங்கே போய் அவனை அடித்திருக்கிறது என்பது சங்கரிக்கு இதுவரை தோன்றியதே இல்லை. அவனுக்கும் வலித்திருக்கும் என்பதே புதிதாக இருந்தது. பிறகு, வழக்கமான குரலை எங்கிருந்தோ தேடி எடுத்துக்கொண்டு கேட்டாள்.

"ஏழு மாசத்துக் காசும் இருக்குதா?"

"அஞ்சு மாசத்துது இருக்குது."

"ரெண்டு மாசத்துது?"

"வண்டி டியூ கட்டிட்டேன்."

"பொண்ணு காசுல வண்டி டியூவா!"

"நீதான் வேணாம்னு அனுப்புன!"

"நான் அனுப்புனா? நீங்க எடுத்துக்குவீங்களா?"

வெகுநாளைக்குப் பிறகு இரண்டு பேரும் மனம் நிறைய ஒரு சண்டை போட்டார்கள். பக்கத்தில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த காவேரி, புதுக் கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டுக்கொண்டு, அம்மாவின் முகத்தை ரொம்பத் தெளிவாகப் பார்த்தாள். சண்டையின் முடிவில், இருக்கிறதை இப்போதும் மீதியை இரண்டு மாதத்திலும் அனுப்புவது என்று முடிவானது. போனை வைக்கும் முன் தினேஷ் தயங்கினான்.

"இந்த ஞாயித்துக்கிழமை செவிலிமேட்டுக்கு இட்டுக்கினு போயி, ஆறு மணிக்குக் கொண்டாந்து வுட்டுடட்டா?"

பார், காசை வாங்கிய மறுநாளே கேட்கிறான் என்று சங்கரிக்குத் தோன்றியது. மூன்றாவது பத்தி வேறு, நாலாவது பத்தி வேறு என்று எஸ்தர் சொன்னது மண்டைக்குத் தெரிந்தது, வயிற்றுக்குத் தெரியவில்லை. ஆனாலும், "சரி" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை சரியாகப் பத்து மணிக்கு வந்து வண்டியில் அழைத்துக்கொண்டு போனான். காவேரி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சங்கரி தறியில் உட்கார்ந்தாள். கரைக்கு விட வேண்டிய நாடாவை உடலுக்கு விட்டு, நான்கு விரற்கடை நெய்த பிறகு பார்த்து, ஒவ்வொரு இழையாகப் பிரித்தாள். திரும்ப நெய்தாள். திரும்பவும் தப்பு. எதிர்த் தறியிலிருந்து மயில்வாகனம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வுடு கண்ணு. முதலாளிக்குப் புதுசா ஒரு டிசைன் கெடச்சிதுன்னு நெனச்சிக்குவோம்" என்றார். ஆனால் மூன்று மணிக்கு மேல் அவரும் இரண்டு தடவை எழுந்து போய்த் தெருவை எட்டிப் பார்த்தார்.

ஆறு மணி ஆனது. ஆறே கால். ஆறரை. தினேஷின் போன் அணைந்திருந்தது. ஏழு மாதமாக ஐந்தாம் தேதி பிசகாமல் காசு அனுப்பியவன், பத்து மணி என்றால் பத்து மணிக்கு வந்து நின்றவன், போனை அணைத்துவிட்டான். சங்கரி செருப்புகூடப் போடாமல் தெருமுனைக்கு வந்தாள். கச்சபேஸ்வரர் கோயில் பக்கம் போகிற பஸ்கள் வந்து வந்து போயின. அன்றைக்குக் கறிக்கடையில் கேட்ட தில்லையம்மாளின் குரல் மறுபடி காதில் கேட்டது. கட்கத்தில் இடுக்கிக்கொண்டு போன கிளிப்பச்சைச் சேலை கண்ணில் தெரிந்தது. வாங்கியிருக்கக்கூடாது, வாங்கியிருக்கவே கூடாது என்று அவள் மனம் அடித்துக்கொண்டது. அந்த நேரத்தில் யாராவது அந்த ஆறாயிரத்துக்கு ஆறு லட்சம் கொடு என்று கேட்டிருந்தாலும் கடன் வாங்கித் திருப்பிக் கொடுத்திருப்பாள்.

ஏழு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது ஒரு டவுன் பஸ் நின்றது. தினேஷ் இறங்கினான். தோளில் காவேரி. நல்ல தூக்கம். ஒரு கால் செருப்பு அவள் காலில் இருந்தது, இன்னொன்று அவன் கையில் இருந்தது.

"வண்டி பஞ்சர்" என்றான், அவள் எதுவும் கேட்பதற்கு முன்னால். ஓடிவந்தவன்போல மூச்சு வாங்கியது. "போன் சார்ஜ் எல்லாம் இவ கேம் ஆடியே தீத்துட்டா. அஞ்சு மணிக்கே தூங்கிட்டா. அக்காதான், லேட்டாவுது, அவங்கம்மா தேடுவா, மொதல்ல கெளம்புடான்னு புடிச்சித் தள்ளுனாங்க. அம்பது நிமிசம் லேட்டு. தப்புதான்."

தில்லையம்மாளா அப்படிச் சொன்னாள் என்று கேட்க நினைத்தாள். அதை விட்டுவிட்டு இரண்டு கையையும் நீட்டினாள். அவ்வளவுதான் அவளால் முடிந்தது.

தூங்குகிற பிள்ளையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றுவது லேசான வேலை இல்லை. அதுவும் எட்டு வயசுப் பிள்ளையை. அவன் குனிந்தான், அவள் எம்பினாள். காவேரியின் கை அப்பாவின் சட்டைக் காலரை விடமாட்டேன் என்றது. தினேஷ் அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, அவள் கையை எடுத்து அம்மாவின் கழுத்தைச் சுற்றிப் போட்டுவிட்டான். கொஞ்ச நேரம் நான்கு கைகளிலும் அவள் இருந்தாள். பிறகு முழுப் பாரமும் சங்கரியின் மேல் சாய்ந்தது. சங்கரிக்கு அப்போதுதான் உயிர் வந்தது. மகளின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

தினேஷ் மரத்துப்போன தோளை உதறிக்கொண்டான். "இன்னாதான் சோறு போடற நீ? இந்தக் கனம் கனக்கறா!"

"அவ காசு, அவ சாப்புடறா" என்றாள் சங்கரி. "உங்களுக்கு இன்னா?"

தினேஷுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அந்தச் சத்தத்தில் காவேரி சிணுங்கி, புரண்டு, கண்ணைத் திறக்கப் பார்த்தாள். தெருமுனையில் நின்றுகொண்டு, அப்பாவும் அம்மாவும் ஒரே நேரத்தில் வாயில் விரலை வைத்து, "உஸ்ஸ்" என்றார்கள்.